அலமேலுவின் வலது கண்

உங்கள் நான்கு பேரில் யாருக்கு முன்கோபம் அதிகம் என்று எனக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் இதை முக்கியமாக அவருக்குத்தான் எழுதுகிறேன். மற்ற மூன்று பேரும் கூடவே படித்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் வெளிநோயாளிகள் வரிசைக்கு முன்னால் ஒரு மழைக்காலம் உட்கார்ந்தால் பரம சாதுவுக்கும் கோபம் வந்துவிடும்.

மதராஸில் படித்து முடித்து, நான் முப்பது வருஷம் குப்பை கொட்டிய அதே கண் வார்டில் சேர்ந்திருக்கிறீர்கள். கத்தி பிடிப்பதையும் சொட்டு மருந்து விடுவதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். என்னைவிட நன்றாகவே தெரியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க உங்கள் மேஜையில் ஒரு கருவி வேறு இருக்கிறது. எங்கள் காலத்தில் இரண்டு ஆள்காட்டி விரல்கள்தான். நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, இமையின் மேல் இரண்டு விரலையும் வைத்து மாற்றி மாற்றி மெதுவாக அமுக்க வேண்டும். மூக்கு நுனி மாதிரி இருந்தால் சரி. நெற்றி மாதிரி இருந்தால் ஆபத்து. ஒரு கண்ணை அமுக்கினால் மற்றதையும் அமுக்கி ஒப்பிட்டாக வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன். அதைவிடப் பெரிய பெயர் ஒன்றும் எடுத்தேன். வார்டு நர்ஸுகள் என்னை 'லங்கா டாக்தார்' என்பார்கள். வங்காளத்தில் லங்கா என்றால் மிளகாய்.

அலமேலு என்று ஒரு பெண்ணின் வலது கண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

டிராம் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு மின்சாரக் கம்பி கட்டிச் சில வருஷம் ஆகியிருந்தது. தலைநகரம் இன்னும் டில்லிக்குப் போகவில்லை. பவானிபூரில் நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கெல்லாம் கண் வலித்தாலும் நான்தான், காது வலித்தாலும் நான்தான். ஒரு மாமி பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். அந்தக் குடும்பங்களில் சேஷாத்ரி என்பவருடையதும் ஒன்று. அவர் கிளைவ் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் டைப்பிஸ்ட். மனைவி தர்மாம்பாள். ஒரே பெண் அலமேலு, அப்போது ஒன்பது வயது. வீட்டுக்கார அம்மாள் வங்காளி விதவை, மாடியில் இருந்தாள். எல்லோருக்கும் அவள் மாசிமா, அதாவது சித்தி.

இந்த ஊரில் விசுவகர்மா பூஜையன்று மொட்டைமாடிகளில் எல்லாம் பட்டம் விடுவார்கள் என்பதை இந்நேரம் பார்த்திருப்பீர்கள். நூல் சுற்றி வைக்கிற மர உருளைக்கு லட்டாய் என்று பெயர். இரண்டு பக்கமும் கைப்பிடி நீண்டிருக்கும். அன்று மாடியில் யாரோ பட்டம் விட, அலமேலு லட்டாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பட்டம் வெடுக்கென்று இழுத்ததும் உருளை துள்ளிக் கைப்பிடி முனை நேராக வலது கண்ணில் இடித்துவிட்டது.

செய்தி வந்து நான் போய்ப் பார்த்தபோது கருவிழிக்கு உள்ளே, கீழ்ப் பகுதியில், ரத்தம் தேங்கியிருந்தது. கண் கிழியவில்லை. கண்ணைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. என்ன என்று கேட்டேன். அடுத்த தெருவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி வந்து விட்டதாகத் தர்மாம்பாள் சொன்னாள்.

அவ்வளவுதான், எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"மாமி, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? கண்ணா இது, பால் கிண்ணமா? இனிமே என்னைக் கேக்காம ஒரு பொட்டு எதாவது அந்தக் கண்ணு கிட்ட போச்சோ, நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். கொழந்தை குருடாப் போனா என்னைக் கேக்காதேங்கோ!"

தர்மாம்பாள் புடைவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சேஷாத்ரி, "விடுங்கோ டாக்டர், அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். மாடிப்படியில் நின்ற மாசிமாவுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாவிட்டாலும் விஷயம் முழுக்கப் புரிந்திருக்கும். எனக்கு மனசுக்குள் ஒரு திருப்தி. கடுமையாகச் சொன்னால்தான் இவர்கள் சொன்னபடி கேட்பார்கள் என்று நினைத்தேன். இருபத்தேழு வயதில் எனக்கு உலகத்தில் தெரியாதது எதுவும் இருக்கவில்லை.

பெண்ணை வார்டில் சேர்த்திருக்க வேண்டும். சேஷாத்ரி மாட்டேன் என்றார். வார்டு சாப்பாடு, பொதுத் தண்ணீர், பெண் குழந்தை என்று மூன்று காரணம் சொன்னார். மற்றவர்களாயிருந்தால் ஒற்றைக்காலில் நின்றிருப்பேன். நம்மவர் என்று விட்டுக்கொடுத்தேன். திட்ட வேண்டாத இடத்தில் திட்டினேன், உறுதியாக நிற்க வேண்டிய இடத்தில் வழிந்தேன். இரண்டு கண்ணையும் கட்டி, அசையாமல் படுக்க வைக்கச் சொன்னேன். மறுநாள் வந்து கட்டை மாற்றினேன். ரத்தம் குறையத் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை காலை மறுபடி வருகிறேன், அதுவரை கட்டைப் பிரிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நுழைந்தேன். சேஷாத்ரி ஆபீஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார். கூடத்தில் பாயில் அலமேலு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஒரு பித்தளைத் தட்டில் வாந்தி.

"எப்போலேர்ந்து வாந்தி?"

"இன்னிக்குக் காலம்பறதான்" என்றாள் தர்மாம்பாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மாடியிலேர்ந்து அந்தம்மா என்னமோ பால் பட்சணம் குடுத்தா. அது ஒத்துக்கலை போல இருக்கு."

சந்துக் கோடியில் இரண்டு வீட்டில் காலரா. அந்த வாரம் தெரு முழுக்க அதே பேச்சு. இந்த ஊரில் வாந்தி என்று காதில் விழுந்தால் நமக்கு வேறு எந்த வியாதியும் ஞாபகத்துக்கு வராது. நாக்கைப் பார்த்தேன். கைத்தோலைக் கிள்ளி இழுத்துப் பார்த்தேன். நாடி பார்த்தேன். பையிலிருந்து காகிதம் எடுத்துக் காலரா வார்டுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தேன். நான் கண் டாக்டர். அந்த வீட்டுக்கு வந்ததே கண்ணைப் பார்ப்பதற்கு. இருந்தும் அந்தப் பெண்ணின் உடம்பில் நான் தொடாத ஒரே இடம் அந்தக் கண்தான்.

மாசிமா மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தாள். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஓ மா! என்ன எழுதுகிறீர்கள் டாக்தார் பாபு?" என்று வங்காளத்தில் கேட்டாள். சொன்னேன்.

"காலராவா? என் வீட்டில் இரண்டு பேரைக் காலராவுக்குக் கொடுத்தவள் நான். இந்தப் பெண் ஒரு தடவை கூடக் கொல்லைப்புறம் போகவில்லையே! வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாளா? நெற்றியைப் பிடித்துக்கொண்டல்லவா அழுகிறாள்."

பேனா நின்றுவிட்டது. அலமேலுவின் வலது கை கட்டுக்கு மேலே, வலது புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நான் வந்ததிலிருந்து அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. கண்ணில் அழுத்தம் சட்டென்று ஏறினால் குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி வரும் என்பது நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்.

கட்டைப் பிரிக்கக் குனிந்தேன். என் கட்டை நான் எப்போதும் இடது நெற்றிப்பொட்டின் மேல் முடிவேன், தலையணையில் உறுத்தாமல் இருப்பதற்காக. இந்த முடிச்சு பின்மண்டையில் இருந்தது. தலைமுடியில் சீயக்காய் வாசனை. பிரித்தேன். கருவிழி முழுக்கப் புதிதாக ரத்தம். மேலே கண்ணாடி போல இருக்க வேண்டிய இடம் ஆவி படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. விரலை வைத்தேன். நெற்றிதான், சந்தேகமேயில்லை. இடது கண் மூக்கு நுனி.

யாரோ எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். நேற்று வெள்ளிக்கிழமை. அடிபட்ட கண்ணுக்குச் சூடு ஏறிவிடும், சூட்டைத் தணிக்க வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானம். நம் வீடுகளில் இது வைத்தியம் கூட இல்லை, சாதாரண அக்கறை. எனக்குக் கண் வலி வந்தபோது என் அம்மா இதைத்தான் செய்தாள். ஆனால் மூன்று நாளில் பொருக்குத் தட்டிக்கொண்டிருந்த காயம், தலையைக் குனிய வைத்துப் பரபரவென்று தேய்த்ததில் மறுபடி உடைத்துக்கொண்டுவிட்டது.

மறுபடியும் ஏறிவிட்டது எனக்கு. கத்துவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது தர்மாம்பாளைப் பார்த்தேன். அடி விழப்போகிற குழந்தை மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. அழுத்தம் எப்போது ஏறியது? காலையில் என்றால் மருந்தை மாற்றி, வேறு சொட்டு விட்டு, சாயங்காலம் வரை பொறுத்துப் பார்க்கலாம். முந்தின நாள் என்றால் பொறுக்கவே கூடாது. உடனே கண்ணைத் திறந்து ரத்தத்தை வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் உள்நரம்பு நசுங்கிப் பார்வை போய்விடும். நான் கத்தினால் "காலம்பறதான்" என்பதையே மறுபடியும் சொல்லுவாள். அதை நம்பி நான் காத்திருப்பேன்.

பாயின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொன்னேன்:

"மாமி, தப்பு என் மேலே. அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கப்படாது. கொழந்தையை ஆஸ்பத்திரியிலே சேக்காம இங்கே விட்டுட்டுப் போனதும் என் தப்புதான். எண்ணெய் தேச்சதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லே. எங்க அம்மாவும் அதைத்தான் பண்ணியிருப்பா. வலி எப்போ ஆரம்பிச்சுது, அதை மட்டும் சொல்லுங்கோ."

உண்மையைச் சொல்கிறேன், 'தப்பு என் மேலே' என்பதை நான் மனசார நம்பிச் சொல்லவில்லை. காரியம் ஆக வேண்டும் என்று சொன்னேன்.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நேத்து மத்தியானத்திலேர்ந்து டாக்டர். குளிச்சு ஒரு நாழி ஆகலை, கண்ணு தெறிக்கறது கண்ணு தெறிக்கறதுன்னு கதறித்து. ராத்திரி பூரா தூங்கலை. அவர் உங்களைக் கூப்பிடறேன்னார். நான்தான் வேண்டாம்னேன். எண்ணெய் தேச்சது தெரிஞ்சா நீங்க வரமாட்டேன்னுடுவேளே, வாசப்படி மிதிக்க மாட்டேன்னேளே..."

அவள் டாக்டரைக் கூப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் டாக்டர்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே. மாமாவுக்கு ஆள் அனுப்பிக் காத்திண்டிருந்தா நேரமாயிடும்" என்றேன். கணவரைக் கேட்காமல் மாடிப்படி ஏறாதவள் தர்மாம்பாள். பெண்ணைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் வந்தா நான் சொல்லிக்கறேன். நான் அங்கே பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன், அது என் பாடு. கொழந்தைக்கு எது வேணுமோ பண்ணுங்கோ."

குதிரை வண்டி பிடித்தோம். மாசிமா கூப்பிடாமலே ஏறிக்கொண்டு அலமேலுவின் தலையை மடியில் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். தாய்க்காரி வாடகைக்கு இருப்பவள், இவள் வீட்டுக்காரி. ஒருவர் பேசுவது மற்றவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். வழி முழுக்க இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள்.

வார்டின் தலைவரான வெள்ளைக்காரப் பெரிய துரை டார்ஜிலிங்கில் குளுமையை அனுபவித்துக்கொண்டிருந்தார். வார்டில் அவருக்கு அடுத்தவர் ஒரு வங்காளி டாக்டர், வயதானவர். அவர் பெயரைச் சொல்லக் கூடாது. தன்னைப் பற்றி யாரும் எங்கேயும் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். அலமேலுவின் கண்ணில் விரலை வைத்தார். எங்களுக்குள் பாதி இங்கிலீஷ், பாதி வங்காளம். தமிழில் தருகிறேன்.

"எவ்வளவு நேரமாயிற்று?"

"இருபது மணி நேரம்."

"யார் சொன்னது?"

"தாயார்."

"முதலில் எவ்வளவு சொன்னாள்?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "காலையில்தான் என்றாள். இரண்டு மணி நேரம்."

"அப்படியானால் இருபதுதான் நிஜம். தனக்கே பாதகமான பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மறு கேள்வி இல்லை. குளோரோபாரம் கொடுத்தோம். கருவிழி ஓரத்தில் சின்னதாகக் கீறி ரத்தத்தை வெளியே விட்டார். அதை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள்.

மத்தியானம் சேஷாத்ரி குடையும் கையுமாக ஓடி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் தர்மாம்பாள், "நான்தான் அழைச்சுண்டு வந்தேன்" என்றாள். அவர் பெஞ்சியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சொன்னபடியே அவள் அன்று முழுக்கத் தண்ணீர் கூடத் தொடவில்லை.

கண் மூன்றாம் நாள் மூக்கு நுனிக்கு இறங்கியது. இரண்டு வாரத்தில் ரத்தம் கரைந்தது. ஒரு மாதத்தில் அலமேலு இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பஞ்சாங்கத்துப் பொடி எழுத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணைக் கீறிய பெரியவர் மட்டும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"வருஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கண்ணை அமுக்கிப் பார்" என்றார்.

"எத்தனை வருஷம்?"

"அவள் இருக்கிற வரைக்கும். இப்படி அடிபட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். நன்றாகிப் போவார்கள். ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து அழுத்தம் மறுபடி ஏறும். அப்போது வலியும் இருக்காது, வாந்தியும் இருக்காது, கண் சிவக்காது. மற்றக் கண்ணால் நன்றாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இது சத்தமில்லாமல் போய்விடும். ஏன் ஏறுகிறது என்று கேட்காதே, எனக்குத் தெரியாது."

அதன்பின் வருஷா வருஷம், பட்டம் விடும் திருநாளுக்கு மறுநாள், தர்மாம்பாள் பெண்ணை அழைத்துக்கொண்டு வார்டுக்கு வந்துவிடுவாள். என்னிடம் அவளுக்கு இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. அந்த வருஷம் அலமேலுவுக்குக் கொடுத்த கஷாயம், போட்ட பற்று, மாசிமா கட்டிவிட்ட தாயத்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே இரண்டு கண்ணையும் அமுக்கிப் பார்ப்பேன். மூக்கு நுனி, மூக்கு நுனி. "பேஷா இருக்கு, போய்ட்டு வாங்கோ" என்பேன். பன்னிரண்டு வயதில் அலமேலுவுக்குக் கல்யாணம் ஆயிற்று. கண் விஷயத்தை மறைக்காமல் சொல்லித்தான் காளிகாட்டில் கொடுத்தார்கள். பதினைந்தில் புக்ககம் போனாள். அப்போதும் வருவது நிற்கவில்லை.

அது அவளுடைய பதினாறாம் வயது. பெரியவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். வெளிநோயாளிகள் முழுக்க என் தலையில். அன்று காலை ஒரு சணல் ஆலைத் தொழிலாளியின் கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். மருந்துக் கிடங்குக் குமாஸ்தாவோடு சண்டை. தாழ்வாரத்தில் ஜனம் பிதுங்கி வழிந்தது. தர்மாம்பாளுக்குக் காய்ச்சல் என்று மாசிமா அலமேலுவை அழைத்துவந்திருந்தாள். அவர்களை நான் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ஏதோ சொல்லி அனுப்பியதும் ஞாபகம் இருக்கிறது. அமுக்கிப் பார்க்கவில்லை என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இன்னொரு நாள் வருவாள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வரவில்லை. மறு வருஷமும் வரவில்லை. யுத்த காலம், வார்டில் எனக்கு மூச்சு விட நேரமில்லை. இதெல்லாம் சாக்கு. பவானிபூருக்கு டிராமில் போய் ஒரு எட்டுக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை தர்மாம்பாள் அலமேலுவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். தாளிக்கும்போது கடுகு வெடித்து இடது இமையில் தெறித்திருக்கிறது. அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருக்கிறாள். வலது கண் திறந்திருந்தும் அடுப்பும் இல்லை, சமையலறையும் இல்லை, எல்லாம் இருட்டு.

விரலை வைத்தேன். நெற்றி. வலது கண் சிவக்கவில்லை, கலங்கவில்லை, பார்ப்பதற்கு லட்சணமாக இருந்தது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது என்றாள். அவ்வளவுதான் மிச்சம். அறுவை செய்து அழுத்தத்தை இறக்கினேன். போன பார்வை போனதுதான், வராது என்பது கத்தியை எடுக்கும்போதே எனக்குத் தெரியும்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் விரலை எடுத்ததும் தர்மாம்பாள் கேட்டாள்:

"என்ன டாக்டர் இது? போன வருஷம் கூட நன்னாயிருக்குன்னு சொன்னேளாமே?"

"போன வருஷமா? இவள் வரவேயில்லையே மாமி. ரெண்டு வருஷமா வரலை."

தர்மாம்பாள் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். "ஏண்டி, போயிட்டு வந்தேன், பேஷா இருக்குன்னார்னு சொன்னியே?" அலமேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வழக்கம் போல ஏறியது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஏன் வரலை?" என்று நானும் அதட்டினேன். தர்மாம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று தாழ்வாரத்துக்குப் போனாள்.

அம்மா தலை மறைந்ததும் அலமேலு மெதுவாகச் சொன்னாள்:

"நீங்கதானே மாமா சொன்னேள்."

"நானா? என்ன சொன்னேன்?"

"'கண்ணே போனவா எல்லாம் வெளியிலே காத்திண்டிருக்கா. நன்னாயிருக்கிற கண்ணைத் தூக்கிண்டு வருஷா வருஷம் வந்து நிக்கறியே, வெக்கமா இல்லே?'ன்னேள். மாசிமாவுக்குத் தமிழ் புரியலை. அம்மா கிட்ட நான் சொல்லலை. சொன்னா உங்களைத் தப்பா நெனச்சுப்பா."

கண்ணை எடுத்த தொழிலாளி ஞாபகம் இருக்கிறது. குமாஸ்தா சண்டை ஞாபகம் இருக்கிறது. இந்த வார்த்தைகளை நான் சொன்னதாக எனக்குக் கொஞ்சம் கூட ஞாபகம் இல்லை. அவள் ஒரு எழுத்து பிசகாமல் வைத்திருந்தாள். என் குரல் அதில் அச்சாக இருந்தது.

நான் தாழ்வாரத்துக்குப் போனேன். தர்மாம்பாள் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள். "மாமி, தப்பு என் மேலே" என்று ஆரம்பித்தேன். அதே நான்கு வார்த்தை. முதல் தடவை பாதி மனசோடு சொல்லி அந்தக் கண்ணைக் காப்பாற்றினேன். இந்தத் தடவை முழு மனசோடு சொன்னேன், எதற்கும் உதவவில்லை. பெண் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் குழாயை மூடினாள். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது கண்ணை நீங்க இன்னும் அமுக்கிப் பாக்கலையே டாக்டர்" என்றாள்.

உள்ளே போய் அமுக்கிப் பார்த்தேன். மூக்கு நுனி.